ஏத்தனுக்கும் 33, தேரைக்கும் 33

ஆசிரியருக்கு வணக்கம்.

தவளைகளின் குரோமோசோம்கள் (செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்) பற்றி அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை, மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் இருந்து வாசித்தேன். எதிரே கும்பப்பூ நெல் நட்ட வயலில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. நல்ல கட்டுரைதான். ஆனால் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்ற வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள தவளையினம் வம்சம் வளர்க்கவே முடியாது என்று ஒரு வரி வருகிறதே, அதுதான் உறுத்தியது.

அப்படி எழுதத் தோன்றுவதில் தப்பில்லை. தாவரவியல் படித்துவிட்டு ஏத்தன் வாழை வைப்பவன் நான். ஏத்தனுக்குத் தொகுதிக்கு 11 வீதம் மூன்று தொகுதி, மொத்தம் 33. விந்தணு, முட்டை போன்ற இனப்பெருக்கச் செல்கள் உருவாக நடக்கும் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். மூன்றாவதுக்கு ஜோடி ஏது? விதை பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பழுத்த ஏத்தம்பழத்தை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொடிகளாகத் தெரிபவை விதையாகாமல் நின்றுபோனவை. வாழைக்குக் கவலையில்லை, மூட்டில் கன்று விட்டுவிடும். தவளை கன்று விடுமா?

விடாதுதான். ஆனாலும் பாகிஸ்தான் பக்கம் காரகோரம் மலையில் பாத்துரா தேரை என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அதே 33, மூன்று தொகுதி! (எண் ஒத்துப்போனதைத் தவிர வாழைக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை.) ஆணும் பெண்ணும் கூடித்தான் குஞ்சு பொரிக்கிறது என்பது 2002-இல் வெளியான ஆய்வு. ஆண் தேரை ஒரு தொகுதியைக் கழித்துவிட்டு, மீதி இரண்டை ஜோடி சேர்த்துப் பிரித்து, விந்தணுவுக்கு 11 கொடுக்கிறது. பெண் தேரை முட்டைக்கு 22 வைக்கிறது. கூட்டினால் மறுபடியும் 33. எங்கள் ஊர்ச் சந்தையில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாகப் பங்கு வைத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், நான்கு தொகுதித் தவளைகள். எண்ணிக்கை இரட்டித்ததும் புது இனம் பிறந்துவிட்டது போலக் கட்டுரை கடந்துபோகிறது. ஜோடி எப்படிச் சேர்கிறது என்பதில்தானே விஷயமே இருக்கிறது? 1966-இல் பிரேசிலில் பெசாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் விவரித்த ஓடோன்டோஃப்ரினஸ் தவளைக்கு 44. அதில் ஒத்த குரோமோசோம்கள் பெரும்பாலும் நான்கு நான்காகக் கட்டிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்க நகத்தவளைக்கு 36. அது இரண்டு வேறு முன்னோர் இனங்கள் கலந்து வந்தது. ஒரு முன்னோர் வழி வந்த குரோமோசோம் தன் வழிக் குரோமோசோமோடு மட்டுமே ஜோடி சேரும். தொகுதி நான்கு, நடப்பு இரண்டு தொகுதிபோல. இதை ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கலாம்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் கட்டுரையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். அந்த ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். திருத்தம் வெளியிட்டால் அதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள், இடம் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்