இரண்டாவது ரவுட்டரும் வேலை செய்யட்டும்: இணைய சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய சேவை நிறுவனங்களில் ரவுட்டர் கொள்முதலைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை ரவுட்டர் தயாரிப்பவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வீடுகளில் இருக்கும் ரவுட்டர்களில் ஏராளமானவை ஒவ்வொருவரும் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல. இணைப்போடு சேர்த்து நீங்கள் கொடுத்தவை. நீங்கள் வாங்கும்போது ஒன்று இரண்டாக வாங்குவதில்லை, மொத்தமாக வாங்குகிறீர்கள். உங்கள் டெண்டரில் ஒரு வரி இருந்தால் தயாரிப்பாளர் அதைச் செய்து தருவார். இல்லாவிட்டால் "யாரும் கேட்கவில்லையே" என்பார். வாடிக்கையாளருக்கோ என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாது. ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

கேட்க வேண்டியது இதுதான். நீங்கள் கொடுத்த ரவுட்டரோடு வேறொரு நிறுவனத்தின் ரவுட்டரை ஒரு கேபிளால் இணைத்தால், யாரும் எந்த செட்டிங்ஸையும் தொடாமலேயே வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும், எல்லாம் இணையத்துக்கும் போய்வர வேண்டும். அது திறந்த தரநிலைகளின்படி நடக்க வேண்டும், ஒரே கம்பெனியின் பெட்டிகளுக்குள் மட்டும் நடக்கும் வித்தையாக இருக்கக் கூடாது.

இன்று என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டின் ஒரு மூலைக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்குகிறார்கள். அது முதல் ரவுட்டரிடம் ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு, தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்குகிறது. வீட்டுக்குள் இருக்கும் முகவரியை வெளியே போகும் முகவரியாக மாற்றும் 'நாட்' இரண்டு முறை நடக்கிறது. இரண்டு பெட்டிகளும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுப்பவையாக இருந்தால் இன்னும் மோசம். எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டாவது ரவுட்டருக்கே குழப்பம் வந்துவிடும். முதல் ரவுட்டரோடு இணைந்த பிரிண்டரை, இரண்டாவதோடு இணைந்த போன் தேடினால் பட்டியலில் வராது. ஏனென்றால் பிரிண்டர் தன்னை அறிவிக்கப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் செய்திகள் ஒரே இணைப்புக்குள் மட்டும் சுற்றுபவை, ரவுட்டரைத் தாண்டிப் போகாதவை. கேம் கன்சோல் தனக்கு ஒரு போர்ட் (வெளியிலிருந்து செய்தி வர ஒரு வாசல்) திறந்துவிடச் சொன்னால் உள்ளே இருக்கும் ரவுட்டர் திறக்கும், வெளியே இருப்பதற்கு விஷயமே தெரியாது.

இதற்குக் கஸ்டமர் கேரில் சொல்லும் வைத்தியம் ஊரறிந்தது. இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக மாற்றுங்கள், முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள், கேபிளை வான் (இணையம் வரும்) போர்ட்டில் செருகாமல் லான் (வீட்டு நெட்வொர்க்) போர்ட்டில் செருகுங்கள். (அணைத்த பிறகு அந்த ரவுட்டரின் சொந்த முகவரி என்னவென்று தெரியாமல், அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்கே திரும்ப முடியாமல் தவிப்பது தனிக் கதை.) காசு கொடுத்து ரவுட்டர் வாங்கி, அதன் மூளையை அணைத்துவிட்டு, வெறும் ஆன்டெனாவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த அறிவுரையின் பொருள். ஒவ்வொரு முறையும் இதைப் போனில் பொறுமையாக விளக்க ஓர் ஆளுக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

இது விடை தெரியாத கணக்கு என்றால் இந்த மடலுக்கே வேலையில்லை. இணையத்தின் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 2011-இல் 'ஹோம்நெட்' என்று ஒரு குழுவைத் தொடங்கியது. பல ரவுட்டர்கள் உள்ள வீட்டு நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கொள்கைகள் 2014-இல் ஆர்எஃப்சி 7368 என்ற ஆவணமாக வந்தன. 2016 ஏப்ரலில் ஆர்எஃப்சி 7788 வந்தது. ஹெச்என்சிபி என்ற நெறிமுறையை வரையறுப்பது அதுதான். இவை எல்லாம் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை.

ஹெச்என்சிபி செய்வது என்னவென்று சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கே நிறைவாக இருக்கும். ஒரே கேபிளில் சந்திக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. எது வீட்டுக்குள் இருக்கும் இணைப்பு, எது வெளியே சேவை நிறுவனத்துக்குப் போகும் இணைப்பு என்பதைத் தாங்களே முடிவு செய்கின்றன. நீங்கள் கொடுத்த முகவரித் தொகுதியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணைப்புக்கும் மோதல் இல்லாமல் ஒரு துண்டு ஒதுக்குகின்றன. பழைய வகை முகவரியான ஐபிவி4-க்கும் அப்படியே. நாட் என்பது வீட்டின் எல்லையில் ஒரே ஒரு முறைதான் நடக்கும். எல்லா ரவுட்டர்களும் ஒரே தகவலைத்தான் வைத்திருக்கின்றனவா என்பதைச் சுருக்கக் குறியீடுகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. எதுவும் மாறாதபோது பேச்சும் குறைந்துவிடும். தலைமை ரவுட்டர் என்று ஒன்று கிடையாது. ஒன்று செத்துப்போனால் மற்றவை தொடர்கின்றன.

பாதை கண்டுபிடிக்கும் வேலைக்கு பேபல் என்ற நெறிமுறை இருக்கிறது. 2011-இல் சோதனை நிலையில் இருந்தது, 2021 ஜனவரியில் ஆர்எஃப்சி 8966 என்ற முறையான தரநிலை ஆனது. அதை வீட்டு நெட்வொர்க்கில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் அதே ஆண்டில் ஆர்எஃப்சி 9080 வந்தது. இன்னொன்று ஆர்எஃப்சி 9079. வீட்டுக்கு இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருந்தால், முதல் நிறுவனம் தந்த முகவரியிலிருந்து கிளம்பும் தரவுப் பொட்டலம் முதல் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தவறான வழியில் போனால் அடுத்த நிறுவனம், போலி முகவரி என்று நினைத்து, தூக்கிப் போட்டுவிடும். இன்றைய சாதாரண ரவுட்டர் அனுப்புநர் முகவரியைப் பார்த்து வழி தேர்ந்தெடுப்பதில்லை. பேபல் அதையும் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் மென்பொருளும் இருக்கிறது. ரவுட்டர்களுக்கான திறமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி-க்காக ஹெச்நெட்டி என்ற பெயரில் ஹெச்என்சிபி எழுதப்பட்டது. பேபலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திறமூல நிரல்கள் உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் பெட்டிகளில் இவற்றைத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. எழுதி முடித்து, சோதித்துப் பார்த்து, அலமாரியில் வைத்த வேலை இது.

உங்கள் பொறியாளர்களில் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்: "வீட்டுக்கு எதற்கு இத்தனை ரவுட்டிங்? எல்லாவற்றையும் ஒரே லான் ஆக இணைத்துவிட்டால் போதுமே." நியாயமான கேள்விதான். பத்து வருடத்துக்கு முன்பு நானும் அதற்குத் தலையாட்டியிருப்பேன். இப்போது நிலைமை வேறு. விளக்குக்கும் பூட்டுக்கும் வெப்ப உணரிக்கும் பயன்படும் த்ரெட் ரேடியோவில் ஒரு சட்டகம் (ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டு) அதிகபட்சம் 127 பைட். ஈதர்நெட்டில் 1500 பைட் வரை ஏற்றலாம். இரண்டையும் ஒரே லான் என்று ஒட்ட முடியாது, நடுவில் ரவுட்டர் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள் 'பார்டர் ரவுட்டர்' ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கியவர், தனக்கே தெரியாமல் இரண்டாவது ரவுட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வேண்டும், அலுவலக லேப்டாப்பைத் தனியாக வைக்க வேண்டும், நம்பிக்கையில்லாத கேமராவை ஒதுக்கி வைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனி இணைப்பு. வைஃபையில் எல்லோருக்குமாக அனுப்பும் செய்திகள் மெதுவான வேகத்தில்தான் போகும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே லானில் குவித்தால் காற்றலை நேரமும் வீணாகும்.

"எங்கள் மெஷ் பெட்டிகளை வாங்கிக்கொள்ளட்டும்" என்பது அடுத்த பதில். வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் அவை நன்றாகவே வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பல மெஷ் தொகுப்புகள் தன் இனத்தோடு மட்டுமே பேசும். வைஃபை அலையன்ஸ் 2018-இல் ஈஸிமெஷ் என்ற பொதுத் தரநிலையை அறிவித்தது. நல்ல காரியம், அதையும் கேளுங்கள். ஆனால் அது வைஃபை அடுக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும். முகவரி, பாதை, பெயர் எதுவும் அதன் பொறுப்பல்ல. சில பெட்டிகளை அமைக்கவே அந்த நிறுவனத்தின் ஆப்பில் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று பேச வெளியூர் சர்வரின் அனுமதி எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, ரவுட்டர் மட்டும் மாறினால் போதாது. உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. புது வகை முகவரியான ஐபிவி6-இல் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு /64 தொகுதி (எண் சிறிதாக ஆக, தொகுதி பெரிது) கொடுத்தால், அதை வைத்து ஓர் இணைப்புக்கு மட்டுமே வழக்கமான முறையில் முகவரி தர முடியும். இரண்டாவது ரவுட்டருக்குப் பங்கே இல்லை. /56 கொடுத்தால் 256 இணைப்புகளுக்குப் போதும், /48 கொடுத்தால் 65,536. ஐபிவி6-இல் முகவரிப் பஞ்சம் கிடையாது, சிக்கனம் பிடிக்க எதுவுமில்லை. ஐரோப்பாவில் இணைய முகவரி விஷயங்களைக் கவனிக்கும் ரைப் சமூகம் 2017-இல் வெளியிட்ட ரைப்-690 ஆவணம் /56 அல்லது /48 கொடுக்கச் சொல்கிறது, அதையும் கூடுமானவரை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்கிறது.

மாற்றாமல் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்றால், பழைய இயல்புநிலைப்படி ஒரு முகவரித் தொகுதி 30 நாள் வரை செல்லுபடியாகும் என்று ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்குச் சொல்லியிருக்கும். மின்சாரம் போய் வந்து, நீங்கள் புதுத் தொகுதி கொடுத்தால், கருவிகள் செத்துப்போன பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். "நெட் இருக்கு, ஆனா வேலை செய்யலை" என்ற புகார்களில் சில இதனால் வருபவை. 2021-இல் வந்த ஆர்எஃப்சி 9096 அந்தக் காலத்தை 90 நிமிடமாகக் குறைத்தது. இது ஃபர்ம்வேர் அப்டேட்டிலேயே சரிசெய்யக்கூடியது. டெண்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஹெச்என்சிபி முதலில் வீட்டுக் கருவிகளின் பெயர்களுக்கு '.ஹோம்' என்ற பின்னொட்டைப் பயன்படுத்தியது. அது முறைப்படி ஒதுக்கப்பட்ட பெயர் அல்ல என்பதால் சிக்கலாகி, 2018-இல் ஆர்எஃப்சி 8375 வழியாக 'ஹோம்.ஆர்ப்பா' ஆனது. அழகான பெயர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது முறைப்படி ஒதுக்கப்பட்டது, நாளை யாரும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. உங்கள் ரவுட்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு பின்னொட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. தானாக அமையும் நெட்வொர்க் என்றால், தப்பான ஆளும் தானாக உள்ளே வந்துவிடுவானே என்ற பயம் சரியானது. ஹெச்என்சிபியில் ரவுட்டர்களுக்கு இடையேயான பேச்சை மறைகுறியாக்கவும் ஆளைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தாவிட்டால், கேபிளைச் செருகியவர் எல்லாம் வீட்டுக்காரர்தான். யாரை நம்புவது என்பதைச் சாதாரண மனிதருக்கு எளிதாக்குவதுதான் இன்னும் ஒழுங்காகத் தயாரிக்கப்படாத பகுதி. அவசரப்பட்டு எளிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, வைஃபையில் எளிதாகச் சேர்வதற்காக வந்த டபிள்யூபிஎஸ் உதாரணம். எட்டு இலக்க பின் எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்த்தார்கள், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். விளைவு, கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய முயற்சிகள் 11,000-க்குள் அடங்கிவிட்டன. 2011-இல் அது அம்பலமானது.

மூடிய முறை பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் முடங்கின. தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்காக இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த 7547 என்ற போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலின் விளைவு அது. பெட்டியிலேயே அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் புது ரவுட்டர் குடும்பத்தில் சேரும், செய்யாவிட்டால் விருந்தினர் போல இணையத்துக்கு மட்டும் போகும் என்ற அளவில் வைத்தால் எனக்குப் போதும். செட்டிங்ஸைத் தொடக் கூடாது என்று மேலே சொன்னதில் இந்த ஒரு ஸ்கேனுக்கு மட்டும் விலக்குத் தருகிறேன்.

இனி டெண்டரில் போட வேண்டிய அந்த வரிக்கு வருவோம். முழு ஹெச்என்சிபியை நாளைக்கே கேட்டால் தயாரிப்பாளர் விலையை ஏற்றுவார் அல்லது தலையைச் சொறிவார் என்று தெரியும். அதனால் குறைந்தபட்சமாக இதைக் கேளுங்கள்: 2025-இல் வந்த ஆர்எஃப்சி 9818 சொல்வதுபோல, உங்கள் ரவுட்டர் தனக்குப் பின்னால் வரும் ரவுட்டருக்கு ஐபிவி6 தொகுதியில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேபிளைச் சரியான போர்ட்டில் செருகினால்தான் இது நடக்கும், எல்லாக் கருவிகளையும் கண்டுபிடித்தும் தராது, ஐபிவி4-இன் இரட்டை நாட்டும் அப்படியே இருக்கும். அரைக் கிணறுதான். ஆனாலும் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கு ஐபிவி6-இலாவது சொந்த முகவரி கிடைக்கும். ஹெச்என்சிபியும் பேபலும் இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்று போடுங்கள். அடுத்த டெண்டரில் அதைக் கட்டாயமாக்குங்கள்.

ஏற்புச் சோதனை எளிது. விற்பவர் கொண்டுவரும் மாதிரிப் பெட்டியோடு, கடையில் வாங்கிய வேறு இரண்டு நிறுவனங்களின் ரவுட்டர்களைக் கண்ட போர்ட்டில் செருகுங்கள். வட்டமாகவும் ஒரு கேபிள் போடுங்கள், சுற்றுப்பாதையில் அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். மூன்றாவது ரவுட்டரின் வைஃபையில் ஒரு போனை இணைத்து, முதல் ரவுட்டரில் உள்ள பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடியுங்கள். பிறகு நடுவில் இருக்கும் கேபிளைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை அச்சடியுங்கள். முதல் வருடம் எந்தப் பெட்டியும் தேறாமல் போகலாம். பரவாயில்லை, எது எந்தப் படியில் விழுந்தது என்ற முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். விற்பவர்களுக்கு அதைவிட நன்றாகப் புரியும் மொழி எதுவும் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
அடுத்தவர் வீட்டு ரவுட்டர்களைச் சரிசெய்துகொடுக்கும் ஒருவர்