அந்த நர்ஸுக்கு ஒரு பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கிரேஸ் கெல்லி, ஸ்டுடியோவுக்குள்ளேயே போட்ட அந்தப் பெரிய முற்றத்து செட் எல்லாம் விரிவாக வந்திருந்தது. காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் நாயகனைக் கவனிக்க வரும் நர்ஸுக்கு மட்டும் ஒரே வரி: "நர்ஸாக வரும் துணை நடிகையும் நன்றாகச் செய்திருக்கிறார்." அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

அவர் பெயர் தெல்மா ரிட்டர். துணை நடிகை என்றால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். குணச்சித்திர நடிகை என்றாவது போட்டிருக்கலாம். எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்று அந்தப் படத்தில் முதலில் கண்டிப்பவரே அவர்தான். அப்புறம் அவருக்கே அந்த ஆர்வம் தொற்றிக்கொள்கிறது. காலைச் சாப்பாட்டை நாயகன் முன் வைத்துவிட்டு, பெண்டாட்டியை அந்த எதிர்வீட்டுக்காரன் எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியில்தான், ரத்தத்தைக் கழுவிவிட வசதி என்று கறிகாய் விலை பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். ஸ்டூவர்ட்டுக்குச் சாப்பாடு இறங்காது. பயத்தையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நாடகம் படித்து மேடை ஏறி, குழந்தைகளை வளர்ப்பதற்காக நடிப்பை விட்டு, பிறகு வானொலி வழியாகத் திரும்பி வந்தவர். முதல் படமான 'மிராக்கிள் ஆன் 34-த் ஸ்ட்ரீட்' 1947-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 45. மகன் கேட்ட பொம்மைக்காகக் கடை கடையாக அலைந்து ஓய்ந்த தாயாகச் சில நிமிடங்கள் வருவார். டைட்டிலில் பெயர்கூட இல்லை. ஆனால் கால் கடுக்க நடந்த அலுப்பு முழுக்க அந்தக் குரலில் இருக்கும்.

'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில் பெட்டி டேவிஸின் ஒப்பனை அறை உதவியாளர் பேர்டி. ஈவ் என்ற இளம்பெண்ணின் பசப்பில் எல்லோரும் மயங்கி நிற்க, பேர்டி மட்டும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருப்பார். பாதிப் படத்துக்குப் பிறகு அவரைக் காணோம். எனக்கு இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

அந்தப் படத்தில் தொடங்கி 1962 வரை 6 முறை துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. ஒருமுறைகூடக் கையில் கிடைக்கவில்லை. மேடை நடிப்புக்கு மட்டும் 1958-ல் டோனி விருது கொடுத்தார்கள்.

அவருடைய உச்சம் என்று நான் சொல்வது சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953). கழுத்துப்பட்டி விற்றபடியே போலீஸுக்குத் துப்புக் கொடுக்கும் கிழவி மோ. அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாது, தனக்கென்று ஓர் இடமும் கல்லும் வேண்டும் என்று அதற்காகவே காசு சேர்க்கிறாள். கடைசி இரவு அறைக்குத் திரும்பி, கிராமபோனில் பாட்டை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். கெஞ்சவில்லை, அழவில்லை. ரொம்பக் களைத்துவிட்டேன் என்கிற தொனியில் அவனிடம் பேசுகிறார் ரிட்டர். கேமரா மெல்ல விலகிப் போகிறது, வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நாலைந்து முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடுகிறது. பிறகு நாயகன், அநாதைப் பிணங்களை ஏற்றிப்போகும் படகுக்கே போய் அவளுடைய சவப்பெட்டியைக் கேட்டு வாங்கி வருவான். பெயரில்லாத குழிக்கு அவளை விடமாட்டான்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், நர்ஸ் ஸ்டெல்லாவாக நடித்தவர் தெல்மா ரிட்டர் என்ற ஒரு வரி போதும். படம் ஒன்றும் போட முடிந்தால் இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
மதுரை