காற்றுக் காலத்துக்கு முன் பசுமைக்குடில் ஷீட்டுகளைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கும் முன்பே நீலகிரியில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். கோத்தகிரிச் சரிவுக்கு ஐப்பசியில் வடகிழக்குக் காற்று. அம்மி பறக்கிறதோ இல்லையோ, 4 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (ஒளி விடும் பிளாஸ்டிக்) ஷீட் பறக்கும். "இன்னும் பத்து ஸ்க்ரூ அடிச்சா நிக்குமா?" என்று கேட்கிறீர்கள். துளை தப்பாக இருந்தால் நூறு அடித்தாலும் நிற்காது.

காற்று ஷீட்டை உள்ளே தள்ளி உடைப்பதைவிட வெளியே உறிஞ்சிப் பிடுங்குவதுதான் அதிகம். காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தூக்கும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ அழுத்தம். 4-க்கு 8 அடி ஷீட் ஒன்றுக்கு 70 கிலோவுக்கு மேல் வரும். அந்த ஷீட்டின் எடையோ மூன்று கிலோகூட இல்லை. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு.

அதற்காக முடுக்கி இறுக்கவும் கூடாது. ஊட்டியில் பனி இரவுக்கும் வெயில் மதியத்துக்கும் ஷீட்டின் சூடு 40 டிகிரி மாறினால், 8 அடி நீளம் சுமார் 6 மி.மீ. நீண்டு சுருங்கும். நகர இடமில்லாவிட்டால் துளையைச் சுற்றி முடி போல விரிசல் விடும். முதல் காற்றில் அங்கேதான் கிழியும். ஆகவே 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 9 மி.மீ. துளை போடுங்கள், ஷீட் விளிம்பிலிருந்து குறைந்தது 40 மி.மீ. உள்ளே தள்ளி. வாஷர் 25 மி.மீ. அகலத்தில், ஈபிடிஎம் என்ற, வெயில் தாங்கும் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். மலிவு பிவிசி வாஷர் வேண்டாம், அது பாலிகார்பனேட்டை அரிக்கும். வாஷர் ஷீட்டில் பதிந்து உட்கார்ந்தால் போதும். குழி விழுந்தால் அரைச் சுற்று தளர்த்துங்கள். கூரை முகட்டிலும் ஓரங்களிலும் 30 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, நடுவில் 45 செ.மீ. இடைவெளி சரி.

ஸ்க்ரூ இல்லாமல் அலுமினியச் சேனலில் சொருகிய சிறு குடில்களில் கதை வேறு. ஷீட் நடுவில் வளைந்து ஓரம் சேனலை விட்டுக் கழன்றுவிடும். கூடுதல் கிளிப் இதற்கு அரைகுறை வைத்தியம்தான். நடுவில் குறுக்காக ஓர் அலுமினியப் பட்டை போட்டுச் சட்டத்தோடு பிணைத்தால் வளைவு பெருமளவு குறையும். ஓரத்தில் சிலிகான் பூசுவதானால் நியூட்ரல் வகை கேளுங்கள். காடி நெடி அடிக்கும் சிலிகான் இந்த ஷீட்டுக்கு ஆகாது.

காற்றுப் பக்கம் தடுப்பு வைப்பவர்கள் தகரம் அடிக்காதீர்கள். காற்று அதைத் தாண்டிச் சுழன்று கூரையில்தான் விழும். காற்றை ஓரளவு விடும் 50 சதவீத நிழல்வலை நல்லது.

ஸ்க்ரூ வாங்க வரும்போது பழையது ஒன்றைக் கழற்றி எடுத்து வாருங்கள். சட்டம் ஜி.ஐ. பைப்பா (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மரமா என்றும் சொன்னால் அதற்கேற்ற நுனி உள்ளதைத் தருவோம்.

இப்படிக்கு,
கடையினர்