புல்லையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

கொழும்புக்கு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஈரநிலம் என்றதும் நாம் நினைப்பது தண்ணீரையும் கொக்கையும்தான். அதன் ஓரத்துப் புல்வெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விசிறிவால் கதிர்க்குருவி அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. சுமார் பத்து சென்டிமீட்டர் நீளம், பழுப்பு உடலில் கறுப்புக் கோடுகள். ஆண் குருவி 'சிட், சிட்' என்று கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறக்கும்போதுதான் கண்ணில் படும். கூட்டைக் காண்பது இன்னும் கடினம். நிலத்துக்குச் சற்று மேலே, உயிருள்ள புல் இலைகளைச் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டியிருக்கும். புல்வெட்டும் இயந்திரம் ஒருமுறை போனால் முட்டை, குஞ்சு எல்லாம் அழிந்துபோகும்.

உலக அளவில் இது அழியும் பறவை அல்ல. ஆனால் கொழும்பை அடுத்த பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கம் கைவிடப்பட்ட வயல்களில் மண் கொட்டி மதில் எழுப்பினால், இங்குள்ள குருவி எங்கே போகும்? எதிரே உள்ள மாடிவீட்டு பால்கனிக்கா?

வயலை நிரப்ப கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தட்டும். அப்புறம், நடைபாதைப் பூங்காக்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதையோரத்தை மட்டும் வெட்டுங்கள். உள்ளே உள்ள புல்லை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்டலாம். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

வாசகி,
வெள்ளவத்தை