தோழியின் தட்டைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு ஏதும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்; வாயில் முதலில் வந்த பதில் சரியானதாக இருக்காது என்று தோன்றியது. அறைத் தோழி இரவில் மூன்று பரோட்டாவும் அதன்மேல் ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு 50 கிலோவிலேயே இருக்கிறாள் என்றாய். இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடும் நீயோ, 84 கிலோவிலிருந்து 78-க்கு இறங்கிய பிறகு ஆறு வாரமாக அங்கேயே நிற்பதாகச் சொல்லி, "என் உடம்பு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாய்.

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்கில்தான் தொடங்குவான், பொறுத்துக்கொள். சும்மா படுத்திருந்தாலும் உடம்பு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கும் என்று மதிப்பிட, மிஃப்ளின், செயின்ட் ஜியோர் ஆகியோரின் பெயரால் வழங்கும் சூத்திரம் ஒன்று 1990-இல் வெளிவந்தது. உயரமும் வயதும் ஒன்றாக உள்ள இரண்டு பெண்களுக்கு அந்தச் சூத்திரத்தில் வேறுபடுவது எடை மட்டுமே. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி. உங்கள் இருவர் உயரமும் வயதும் ஒன்றென்று வைத்துக்கொண்டால், உன் தோழியைவிட 28 கிலோ கூடுதலாக இருக்கும் நீ, ஒன்றும் செய்யாமலே அவளைவிட நாளுக்கு ஏறக்குறைய 280 கலோரி அதிகம் செலவழிக்கிறாய். அது நான்கைந்து இட்லிக்குச் சமம். ஒல்லியானவர்களின் உடம்பு தின்றதையெல்லாம் எரித்துவிடுகிறது என்று ஊரில் சொல்வது இங்கே தலைகீழாகிறது. சராசரிக்குப் போட்ட சூத்திரம்தான், ஆளுக்கு ஆள் முன்பின்னாக இருக்கும். இருந்தாலும் அவள் எடை ஏறாமல் நிற்கிறது என்றால், வாரம் முழுவதற்குமாகக் கூட்டிப் பார்க்கையில் அவள் உன்னைவிடக் குறைவாக உண்கிறாள், அல்லது அதிகமாக நடமாடுகிறாள். நீ பார்ப்பது இரவு ஒன்பது மணித் தட்டு ஒன்றைத்தான்.

இதை நான் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை, ஒல்லியாகவே இருக்கும் உன் மாமாவைப் பார்த்தும் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் அவர் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடிப்பதையும், வடையை எனக்குப் பரிமாறும்போது உன் அம்மா முறைப்பதையும் இருபது வருடமாக அருகருகே அனுபவித்தவன் நான். சர்க்கரைக்காக டாக்டர் என்னை எடை குறைக்கச் சொன்ன வருடத்தில், அந்த மனிதர்மேல் எனக்கு இருந்தது பொறாமை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு வகை மனத்தாங்கல். பிறகு போன தை மாதத்தில் திருவாரூரில் அவர் வீட்டில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. முதல் நாள் மதியம் விருந்து. அன்று இரவு ஒரு டம்ளர் மோரோடு, "பசியில்லை" என்று சொல்லிப் படுத்துவிட்டார். அதில் விரதமும் இல்லை, பெருமையும் இல்லை. மறுநாள் காலை மூன்றாவது இட்லியில் பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். எனக்குத்தான் கை பரபரத்தது. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டை எடுத்துக்கொண்டு ரப்பர் வளையம் போட்டு மூடினார். மூடிய பொட்டலம் மாலைவரை மூடியே கிடந்தது என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். தொலைபேசி வந்தால் திண்ணைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் பேசுகிறார், கடைக்குச் சைக்கிள்தான். இருபது வருடமாக நான் அவரைப் பந்தியில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அந்த நான்கு நாளில்தான் உறைத்தது. (அவருக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார், ஒல்லி என்பதால் அது விட்டுவிடவில்லை.)

உன் தோழி உண்மையிலேயே நிறையச் சாப்பிடுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் நாளுக்கு 1000 கலோரி ஊட்டினார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோவுக்கும் குறைவு, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கும் மேல். கூடுதலாக உண்டபோது, தம்மை அறியாமலே எழுவதும் நடப்பதும் அசைவதுமாகச் சிலருடைய உடம்பு அதைச் செலவழித்துவிட்டது. அந்த வரம் உனக்கும் எனக்கும் வாய்க்கவில்லை என்றால் வருந்தலாம், தவறில்லை. ஆனால் அவளுக்கு வாய்த்ததை அவளுடைய பரோட்டாவிலிருந்து நீ கற்றுக்கொள்ள முடியாது.

ஆறு வாரமாக முள் நகராததற்கு வேறிடத்தில் பார். ஆறு கிலோ குறைந்ததால் உன் உடம்பின் செலவும் நாளுக்கு அறுபது கலோரியாவது இறங்கியிருக்கும். 84 கிலோவில் எடையைக் குறைத்துக் கொடுத்த அதே சாப்பாடு 78 கிலோவில் அவ்வளவு குறைவானதாக இராது. சாப்பிட்டதை எழுதி வைப்பதிலும் பிசகு வரும். என் நோட்டில் "தோசை 2" என்று ஒழுங்காக எழுதினேன். கல்லில் அம்மா சுற்றி விட்ட எண்ணெயையும், டீக்கடையில் நண்பர் பிட்டுக் கொடுத்த பஜ்ஜியையும் எழுதவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. நியூயார்க்கில் நடத்தி 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்று சொன்னவர்கள் தாம் உண்டதில் ஏறக்குறையப் பாதியைக் கணக்கில் விட்டிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர், என்னைப் போன்றவர்கள். தன் வாய்க்குள் போவதே இப்படித் தப்பும்போது தோழியின் வாய்க்குள் போவதை எண்ணி என்ன ஆகப்போகிறது?

நீ ஏன் எண்ணுகிறாய் என்பதும் எனக்குப் புரிகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைப் பல மாதம் அரைப்பட்டினியில் வைத்துச் சோதித்தார்கள். சமையலில் நாட்டமே இல்லாதிருந்தவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பசித்தவன் கண் உணவின் பின்னால்தான் போகும். அவளுடைய பரோட்டா உன் கண்ணில் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், அந்த இரண்டு சப்பாத்தி உனக்குப் போதவில்லையோ என்று சந்தேகப்படுகிறேன். ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொண்டு, எண்ணெயைக் குறைத்துப் பார். பட்டினியாகப் படுக்காதே.

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்த ஒப்பிடும் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். "இலையில் வைத்ததை மிச்சம் வைக்காதே" என்று அதட்டுவேன். அடுத்த வாய் எடுப்பதற்குள் "அக்காவைப் பார், எவ்வளவு அளவாகச் சாப்பிடுகிறாள்" என்றும் சொல்வேன். பத்து வயதுப் பெண் அந்த இரண்டு கட்டளையையும் ஒரே இலையில் எப்படி நிறைவேற்றுவாள்? அப்போது நீ தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அது என் தவறு.

பொங்கலுக்கு நீ வரும்போது உன் இலையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். மாமாவும் வருகிறார். நீ அவருக்கு எதிரே உட்கார வேண்டாம். அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்கு இப்போது பழகிவிட்டது. அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பவா, வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது.

அன்புடன்,
அப்பா