போகோடாவின் வெண்துணி: டோரிஸ் சால்செடோவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சிற்பக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அவர்களுக்கு,

வணக்கம். 2016 அக்டோபர் 11 அன்று கொலம்பியத் தலைநகர் போகோடாவின் பொலிவார் சதுக்கத்தில் நீங்கள் விரிக்கச் செய்த வெண்துணியின் படங்களை இன்றும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி உங்களிடமே சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையிலான அமைதி ஒப்பந்தம், அம்மாதம் 2ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. ஒன்பதே நாளில், போருக்குப் பலியானவர்களில் ஏறக்குறைய 1,900 பேரின் பெயர்களைச் சாம்பலால் எழுதிய துணிகளைத் தன்னார்வலர்கள் தரையில் அமர்ந்து ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தார்கள். சதுக்கம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிடுவது எளிது. வந்தவர் கையில் ஓர் ஊசியைக் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரின் மங்கலான பெயரருகே குனிய வைத்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது என்று நான் நம்புகிறேன். 1846 முதல் அங்கே நிற்கும் விடுதலை வீரர் பொலிவாரின் வெண்கலச் சிலையை மக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்; அன்று ஒரு நாள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அதே சதுக்கத்தின் நீதி மாளிகைச் சுவரில் 2002இல் நீங்கள் இறக்கிய வெறும் நாற்காலிகளும் என் நினைவில் உள்ளன. ஆனாலும் என்னை அதிகம் உலுக்கியது 2018இல் திறக்கப்பட்ட 'ஃபிராக்மென்டோஸ்' என்ற உங்கள் படைப்புதான்.

ஃபார்க் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி, இடிந்த பழைய வீடொன்றின் நடுவே 1,296 தகடுகளாகத் தரையில் பதித்தீர்கள். போரின்போது பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்கள் உலோகத் தாள்களைச் சுத்தியலால் அடித்து அடித்து உண்டாக்கிய நெளிவுகளே அத்தகடுகளுக்கு அச்சாக அமைந்தன. அருகிலிருந்து எடுத்த ஒரு படத்தில், கறுத்த உலோகம் காற்றில் கலைந்த குளத்து நீர்போல மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு சுத்தியலடி. துப்பாக்கிகளைக் கொண்டு ஒரு தூணை எழுப்ப மறுத்து, யாரும் வந்து நிற்கக்கூடிய தரையாக அவற்றைத் தாழ்த்தியது மிகச் சரியான முடிவு.

ஆயுத பூசையில் கருவிகளைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். உருக்கிய துப்பாக்கியை மிதிக்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதில் அந்தப் பெண்களின் கைத்தடம் இருக்கிறது. போகோடா வரும் நாளில், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடக்க விரும்புகிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வாசகன் ஒருவன்