பழைய 303 துவக்குக்கு ரவை அடைக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கு கைக்கு வந்துவிட்டது, இனி ரவையையும் (தோட்டாவையும்) பித்தளைக் கோதில் வெடிமருந்தும் சன்னமும் (பறந்துபோகும் குண்டு) வைத்து நானே அடைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல துவக்கு. வடக்கின் குளிரில் கனடிய இராணுவத்தின் றேஞ்சர் படையினர் 2018 வரைக்கும் இந்த வகையைத்தான் தோளில் சுமந்தார்கள்.

“மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் வேகம் கூடுமா அப்பா” என்று கேட்டிருக்கிறாய். கூட்டாதே பிள்ளை. லீ என்ஃபீல்டின் போல்ட், அதாவது ரவையைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்புத் தண்டு, தன் பின்பக்கத்தில்தான் பூட்டுகிறது. வெடிக்கும் கணத்தில் அது சற்று அமுங்கிக் கொடுக்கும், அந்த அளவுக்குக் கோதும் நீளும். 1910இல் வந்த பிரித்தானிய இராணுவத்தின் மார்க் 7 ரவை 174 கிறெயின் எடையுள்ள சன்னத்தைச் செக்கனுக்கு 2,440 அடி வேகத்தில் அனுப்பியது. மானுக்கு அது தாராளம். நீ கூட்ட வேண்டியது குறியின் துல்லியத்தை. அதற்குச் சன்னமும் கோதும் உன் துவக்கோடு பொருந்த வேண்டும்.

முதலில் குழலை அள. போர்க்காலக் குழல்களின் காடி (உள்ளே சுழன்று ஓடும் பள்ளம்) அளவு 0.311 அங்குலத்திலிருந்து 0.315 வரைக்கும் போகும். அளவு சற்றுப் பெரிதான மென் ஈய உருண்டைக்கு எண்ணெய் பூசி, பித்தளைக் கம்பியால் குழல் முழுவதும் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் பார். ஐந்து காடிக் குழலென்றால் எதிரெதிரே அளக்க முடியாது, துவக்குத் திருத்துபவரிடம் கொடு. 0.311, 0.312 இரண்டு அளவிலும் சன்னம் கிடைக்கும். மலிவு என்று 0.308 வாங்கிவிடாதே, அது குழலைப் பிடிக்காது. ஹெட்ஸ்பேஸையும், அதாவது மூடிய போல்ட்டுக்கும் ரவையின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியையும், அவரிடமே பார்ப்பித்துக்கொள்: 0.064 அங்குல அளவுமானியில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடவே கூடாது. மூடினால் போல்ட் தலையை மாற்ற வேண்டிவரும். நம்பர் 4க்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட தலைகள் உண்டு.

இனிக் கோது. இந்த ரவையில் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இராணுவத் துவக்கில் ரவை உட்காரும் சேம்பர் தளர்வானது. வெடிக்கும்போது கோதின் முன்பகுதி சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி போல்ட் வரை பின்னுக்கு இழுபடும். அடிக்குச் சற்று மேலே பித்தளை வளையமாக மெலியும். ஒவ்வொரு தடவையும் முழுநீள டையில் (கோதைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) அழுத்தி, கோதின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளைப் பின்னுக்குத் தள்ளினால் மூன்றாம் நாலாம் வெடியிலேயே கோது இரண்டாக அறுந்துவிடலாம், வாயு உன் முகப்பக்கம் திரும்பலாம்.

ஆகவே புதுக் கோதை முதல் தடவை வெடிக்கும்போது விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் ஓ-வளையம் ஒன்றை மாட்டு. அது அடியைப் போல்டோடு அழுத்தி வைக்கும், கோது முன்பக்கமாக விரிந்து சேம்பருக்கு ஏற்ற வடிவெடுக்கும். அதன்பின் கழுத்தை மட்டும் டையில் இறுக்கு. அந்தக் கோதுகள் உன் துவக்குக்கு மட்டுமே, வேறொன்றில் போடாதே. போல்ட் மூட இறுக்கமானால் மட்டும் தோளை மயிரிழை பின்னுக்குத் தள்ளு.

ஒவ்வொரு அடைப்புக்கு முன்னும் உட்புறத்தைத் தடவிப் பார். காகிதக் கிளிப்பை நேராக்கி, நுனியை இரண்டு மில்லிமீற்றர் மடித்துக் கூராக்கு. கோதின் அடிவரை விட்டு, சுவரோடு ஒட்டி மெல்ல மேலே இழு. நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் கோதைக் குறட்டால் நசுக்கி எறிந்துவிடு. வெளியே மினுங்கும் வளையம் தெரிந்தாலும் அப்படியே. கோதின் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வாய் சன்னத்தை நெரிக்கும், அழுத்தம் ஏறும். 2.212க்கு வெட்டு. பழைய இராணுவக் கோதுகளில் பெர்டான் வகைப் பிறைமர் (அடியில் தீப்பொறி தரும் குமிழ்) இருக்கும், அதைக் கழற்றப் போனால் டையின் ஊசி முறியும். பொக்சர் வகைப் பிறைமர்க் கோதே வாங்கு.

மருந்தின் அளவை நான் எழுதமாட்டேன். ரவை அடைக்கும் கைநூலில் உன் சன்னத்துக்கு உரிய பக்கத்தைத் திற, தொடக்க அளவில் ஆரம்பித்து அரைக் கிறெயினாக ஏறு, சூடுகள் நெருக்கமாக விழும் இடத்தில் நில். எச் 4895உம் ஐஎம்ஆர் 4895உம் வேறு வேறு மருந்துகள், ஒன்றின் அளவை மற்றதற்குப் போடாதே. மேசையில் ஒரு டப்பா மட்டும் இருக்கட்டும். வெடித்தபின் பிறைமர் தட்டையாகியிருப்பதை நம்பி அழுத்தத்தை மதிப்பிடாதே. 303 ரவையின் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல், 308 ரவையினதோ 62,000. பிறைமர் அடையாளம் காட்டும் நேரம் உன் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும்.

சன்னம் வைக்கமுன் தட்டிலுள்ள எல்லாக் கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார். மருந்தில்லாத ஒன்று தப்பினால் பிறைமர் மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளிச் சிக்க வைக்கும், அடுத்த சூட்டில் குழல் வெடிக்கும். சத்தம் மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்தி, ரவைகளைக் கழற்றிக் குழலைப் பார். அடைத்த ரவையின் முழு நீளம் 3.075 அங்குலத்துக்குள் இருக்கட்டும். டைக்குப் பூசிய எண்ணெயை முழுக்கத் துடை. எண்ணெய்க் கோது சுவரைப் பிடிக்காது, பாரமெல்லாம் போல்டில் விழும்.

குழல் அளவை எழுதி அனுப்பு. சன்னத்தை அதற்குப் பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா